ரூட்டர் பரீட்சகர்

அவர் பெட்டியை முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். முன்புறத்துக் கறுப்பு அட்டையில் நீல ஒளி வீசி நிற்கும் நான்கு ஆன்டெனாக்களும், அவற்றின் கீழே ‘3000’ என்று கொட்டை எழுத்தில் பொறித்திருக்கும் எண்ணும், கடையில் நின்ற சொற்ப நேரத்தில் நம் மனத்தைக் கவர்ந்து பணப்பையையும் திறக்க வைத்தனவே, அவற்றின் மீது அவருடைய பார்வை ஒரு கணமும் தங்குவதில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடிப்புறத்தில் விலையும் தயாரிப்பு மாதமும் அச்சிட்டு ஒட்டியிருக்கும் வெள்ளைச் சீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அதன் ஓரத்துப் பொடி எழுத்தில் எதையோ தேடுவார். தேடியது அகப்பட்டதும், “ஓ, வி-மூணா!” என்பார். அதற்கு என்ன பொருள் என்று நமக்கு விளங்காவிட்டாலும், சொன்ன தொனியிலிருந்து ஒன்று மட்டும் சந்தேகமறத் தெரிந்துவிடும்: நாம் வி-இரண்டை வாங்கியிருக்க வேண்டும், அது இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது.

ரூட்டர் பரீட்சகர் இல்லாத அடுக்ககம் ஒன்று சென்னைப் பட்டணத்தில் இருப்பதாக நான் நம்பவில்லை. சில இடங்களில் அவர் இருபத்தைந்து வயது வாலிபராகவும், சில குடும்பங்களில் மைத்துனராகவும் அவதரித்திருப்பது உண்டு. எங்கள் நங்கநல்லூர்க் கட்டடத்துக்கு வாய்த்தவர், மத்திய சர்க்கார் இலாகா ஒன்றின் பண்டகசாலையில், வந்திறங்கும் சாமான்களை ஒப்பந்தப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்து, குறைகளைச் சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்பும் உத்தியோகத்தில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போயிற்று, சிவப்பு மை போகவில்லை. திருகாணிகளையும் தாமிரக் கம்பிகளையும் எண்ணி எண்ணிக் கூர்மை பெற்ற அந்தக் கண்களுக்கு, எங்களில் எவர் வீட்டு வாசலிலாவது கூரியர் பையன் ஒரு நீளப் பெட்டியோடு நின்றால், இரண்டாவது மாடிப் பால்கனியிலிருந்தே அது ரூட்டரா, மிக்ஸியா என்பது புலனாகிவிடுகிறது. மிக்ஸியாக இருந்தால் அந்தக் குடும்பத்தின் சாயங்காலம் தப்பிற்று.

பரீட்சையில் அவர் கையாளும் முறை ஒன்றே, அது கழித்தல். கீழ் வீட்டு அம்மாள், நியூஜெர்ஸியில் இருக்கும் பேரனைக் கைப்பேசியில் பார்க்கும்போதெல்லாம் குழந்தை வாயைத் திறந்தபடி உறைந்து நின்றுவிடுகிறதே என்ற விசனத்தில், புதிய ரூட்டர் ஒன்றை வரவழைத்து, “சார், நீங்க ஒரு தடவை பாத்துட்டாத் தேவலை” என்று தாமே வலிய அழைத்த அன்று, அந்த முறையின் பூரணத்துவத்தை நான் அருகிலிருந்து தரிசித்தேன்.

“என்ன போட்டிருக்கான்?” என்றார் பரீட்சகர்.

“மூவாயிரம்னு போட்டிருக்கு சார். பழசுல வெறும் ஆயிரத்து இருநூறுதான்.”

“மூவாயிரம்!” என்று அவர் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் நாற்காலியை இழுத்தால் காபி கலக்கச் சொல்லிவிடுவது எங்கள் கட்டடத்தின் சம்பிரதாயம்.

அந்த மூவாயிரம் என்பது ஓர் எண்ணே அல்ல, இரண்டு எண்களின் கூட்டுத்தொகை என்பதிலிருந்து அவர் ஆரம்பித்தார். பெட்டிக்குள் இரண்டு ரேடியோக்கள் இருக்கின்றன, 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுவது விநாடிக்கு 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் பேசுவது 2402. ஆக மொத்தம் 2976. “பாக்கி இருபத்து நாலு எங்கேம்மா?” என்று அந்த அம்மாளைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியில், அந்த இருபத்து நாலையும் அந்த அம்மாளே எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருப்பதாக ஒரு சந்தேகம் தொனித்தது. பிறகு, ஒரு கைப்பேசி ஒரு சமயத்தில் இரண்டு ரேடியோக்களில் ஒன்றோடுதான் பேசும் என்பதால், 574-ஐத் தள்ளினார். மிச்சமிருந்த 2402-ஐ எட்ட வேண்டுமானால் அலைவரிசையின் அகலம் 160 மெகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். அம்மாளின் கைப்பேசியை வாங்கி, அதன் அந்தரங்கங்களையெல்லாம் துருவிப் பார்த்து, அது 80-க்கு மேல் ஏற்காத ஜாதி என்று கண்டு, தொகையைச் சரிபாதியாக வெட்டினார். 1201. அதுவாவது நிலைக்குமா என்று நாங்கள் ஆவலோடு பார்த்தோம். நிலைக்கவில்லை. வைஃபையில் போவதும் வருவதும் ஒரே வழியில், ஒன்று போன பின் மற்றொன்றாகத்தான் நடக்கும். ரூட்டரும் கைப்பேசியும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் உபசார வார்த்தைகளுக்கே அதில் கணிசமான பாகம் செலவாகிவிடும். ஆகவே பத்துக்கு ஆறு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி, 700-க்கு இறக்கினார். கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் நிற்கும் சுவருக்கும், சுவரை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோவுக்கும், பீரோக் கதவில் பதித்த நிலைக்கண்ணாடிக்கும் தனித்தனியே கழித்து, 300-இல் வந்து நின்றார்.

“பிளான் என்ன?” என்றார் பிறகு.

“நூறு, சார்.”

“அப்போ நூறு.” காபியை ஒரு வாய் அருந்தினார். “அதுவும் மெகாபிட். நீங்க ஒரு படத்தை எறக்கும்போது கணக்கு மெகாபைட்டுல வரும். எட்டால வகுக்கணும். ஆக, பன்னிரண்டரை.”

மூவாயிரத்தைப் பன்னிரண்டரையாக்கிவிட்ட அந்தக் கணத்தில் அவருடைய முகத்தில் தோன்றிய பிரசன்னத்தை வர்ணிக்க எனக்குச் சக்தி இல்லை. இதில் மிகவும் வருந்தத்தக்க விஷயம், அந்தக் கழித்தலில் எங்கும் ஒரு பிழை இல்லை என்பதே. இரண்டு ரேடியோக்களின் உச்ச வேகங்களைக் கூட்டி, கூட்டியதை மேல்நோக்கி முழுமையாக்கி, அந்தத் தொகையைப் பெட்டியின் நெற்றியில் போடுவது இந்த வியாபாரத்தில் சர்வ சாதாரண வழக்கம். பழைய பெட்டியின் 1200 கூட 300-உம் 867-உம் சேர்ந்த 1167-தான். அந்த ஜாதிப் பெட்டிகள் சிலவற்றில், பின்புறத்தில் கம்பி செருகும் போர்ட் விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் ஏற்பதில்லை. நூறுக்கு மேல் உள்ளே நுழைய வழியில்லாத பெட்டியை ஆயிரத்து இருநூறு என்று அழைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலைத் தமது பண்டகசாலையில் எந்த ஒப்பந்தக்காரனிடமும் தாம் கண்டதில்லை என்பது பரீட்சகரின் சாட்சியம்.

ஆனால், 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் இந்நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, தொலைபேசிக் கம்பியில் விநாடிக்கு 9.6 கிலோபிட்டுக்குத் தவமிருந்தவரும் இவரே. அதோடு ஒப்பிட்டால் கீழ் வீட்டு அம்மாளின் நூறு மெகாபிட் பதினாயிரம் மடங்குக்கும் மேல். அதைச் சொல்லி அந்த அம்மாளைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். கூட்டலிலும் பெருக்கலிலும் அவருக்குச் சிரத்தை கிடையாது.

எதிர் வீட்டுப் பையன் ஒருவன், வைஃபை 7 வந்துவிட்டதே, அதில் இரண்டு ரேடியோக்களையும் ஒருசேரப் பிடிக்கலாமே என்று ஒருநாள் தைரியமாகக் குறுக்கிட்டான். பரீட்சகர் கோபித்துக்கொள்ளவில்லை. “உன் பெட்டியிலே 3600 போட்டிருப்பான், 688-ம் 2882-ம், கூட்டினா 3570. சரி, உன் லேப்டாப் ஏழா?” என்றார். “இல்லை அங்கிள், ஆறு.” “அப்போ கழி,” என்றார். பையன் கழித்துக்கொண்டே படியிறங்கிப் போனான். 2018-இல் வைஃபைக் கூட்டமைப்பு 802.11ஏசி, 802.11ஏஎக்ஸ் என்ற நாமங்களுக்குப் பதிலாக ஐந்து, ஆறு என்று எண்ணிட்டுப் பாமரர்களுக்கு உபகாரம் செய்ததை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆறு என்று சொன்னால் யாருக்கு வேண்டுமானாலும் புரிந்துவிடுமே என்பது அவருடைய மனக்குறை.

அவருடைய இதர பழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆன்டெனாக்களை எண்ண மாட்டார். எண்ணுகிறவர்களைப் பார்த்து அனுதாபப்படுவார். உத்தரவாதச் சீட்டு ஒட்டியிருக்கும் திருகாணியின் மேல் அவருக்கு ஒரு தனி வாஞ்சை உண்டு. அதைக் கிழிக்காமல் கழற்றும் வித்தை தெரியும் என்று சொல்லிக் கிழிப்பார். உள்ளே மீடியாடெக் சிப் இருந்தால் மலர்வார்; பிராட்காம் என்றால், அந்தக் கம்பெனியின் ரேடியோக்களுக்குத் திறந்த மென்பொருள் எழுதுவது துர்லபம் என்று முகம் சுளிப்பார். கைப்பேசியில் ஸ்பீட் டெஸ்ட்டின் முள் ஏறி இறங்க, அதையே பார்த்தவாறு நம் சமையலறை, பூஜையறை, குளியலறை ஈறாகச் சகல ஸ்தலங்களுக்கும் செருப்பில்லாமல் யாத்திரை செய்வார்.

அவருடைய பக்திக்குப் பாத்திரமான பொருள் ஒன்று உண்டு. அவர் வீட்டுப் பரணில், பழைய ஒன்பது கஜப் புடவை ஒன்றில் சுற்றி, நீலமும் கறுப்புமான ஒரு பெட்டியை வைத்திருக்கிறார்: லிங்க்ஸிஸ் கம்பெனி 2002-ஆம் வருஷக் கடைசியில் வெளியிட்ட டபிள்யூஆர்டி 54ஜி. அந்தப் பெட்டியை ஆள்வது லினக்ஸ் என்றும், லினக்ஸைப் பயன்படுத்தியவர்கள் அதன் மூலநிரலைப் பகிரங்கப்படுத்தக் கடமைப்பட்டவர்கள் என்றும் விஷயமறிந்தவர்கள் எடுத்துக்காட்ட, 2003-இல் கம்பெனியார் அந்த நிரலை வெளியிட நேர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2004-இல் பிறந்ததே ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் சுதந்திர ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை உள்ளிருந்து ஆளும் மென்பொருள். அடுத்த வருஷமே கம்பெனியார் அதே பெயரில் ஐந்தாம் வெர்ஷன் ஒன்றைக் கொண்டுவந்து, 16 மெகாபைட் ராமை 8 ஆக்கி, 4 மெகாபைட் ஃபிளாஷை 2 ஆக்கி, லினக்ஸையும் நீக்கிவிட்டார்கள். பழைய அமைப்பை விரும்பியவர்களுக்கு வேறொரு பெயரில் தனியே ஒரு பெட்டி போட்டு விற்றார்கள். பெயர் ஒன்று, பண்டம் வேறு! பெட்டியை முதலில் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் பரீட்சகருக்கு அன்று தொற்றியது. அவர் ஆராதிக்கும் அந்த நீலப் பெட்டியின் வயிற்றிலும் பிராட்காம் சிப்தான் இருக்கிறது என்பதையோ, ஓப்பன்டபிள்யூஆர்டியின் இன்றைய பதிப்புகள் அந்த 4 மெகாபைட்டில் கொள்ளவே கொள்ளாது என்பதையோ எங்களில் எவரும் அவருக்கு நினைவூட்டுவதில்லை. அந்த ஃபர்ம்வேரின் பழைய பதிப்புகளுக்கு மதுக்கலவைகளின் பெயர்களைச் சூட்டி, உள்ளே நுழைந்ததும் கலக்கும் முறையும் திரையில் தோன்றும்படி வைத்திருந்தார்கள். ஏகாதசிக்குத் தண்ணீர்கூட அருந்தாத எங்கள் பரீட்சகர், வோட்கா இத்தனை அவுன்ஸ் என்று தொடங்கும் அந்த வாசகத்தைச் சிப் தொழிற்சாலையின் ரசாயன சூத்திரம் என்று தம் மனைவியிடம் சொல்லி வைத்திருப்பதாகக் கேள்வி.

இத்தனை பரிகாசத்துக்கும் இடையில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். வேகத்தைப் பற்றிய பிரசங்கம் முடிந்து நாம் கொட்டாவியை மென்று விழுங்கும் தறுவாயில், அவர் ஒரு கேள்வி கேட்பார்: “இதுக்குக் கடைசி ஃபர்ம்வேர் எப்போ வந்தது?” எங்கள் கட்டடத்தில் வேறு எவரும் கேட்காத கேள்வி அது. ரூட்டர் என்பது நம் வீட்டில் இரவு பகல் ஓயாமல் விழித்திருக்கும் ஒரு சிறிய கம்ப்யூட்டர். வாசலில் உட்கார்ந்து உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அனுமதிப்பது அதுவே. அதை ஆளும் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அடைத்துக் கொடுக்க வேண்டியவன் செய்தவன். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற துஷ்ட நிரல் 54 நாடுகளில் சுமார் ஐந்து லட்சம் பெட்டிகளுக்குள் புகுந்துவிட்டதாகத் தெரிய வந்தபோது, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இலாகாவே வீட்டு ரூட்டர்களை ஒருமுறை அணைத்துப் போடும்படி மக்களுக்கு அறிக்கை விட்டது. எந்த உபாதைக்கும் அணைத்துப் போட்டுப் பார்க்கிற என் மனைவிக்கு அந்தச் செய்தி மிகுந்த திருப்தியை அளித்தது.

பிஸ்கட் பொட்டலத்தில், இன்ன தேதிக்குள் தின்றுவிடு என்று அச்சிட்டிருக்கிறது. ரூட்டர் பெட்டியில் பிறந்த மாதம் இருக்கிறது, விலை இருக்கிறது, புகார் சொல்ல விலாசம் இருக்கிறது, எதுவரை இதைப் பராமரிப்போம் என்ற ஒரு வரி, நான் கவிழ்த்துப் பார்த்த எந்தப் பெட்டியிலும் இல்லை. பிரிட்டனில் 2024-ஆம் வருஷம் ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு சேரும் இத்தகைய சாதனங்களைத் தயாரிப்பவர்கள், எவ்வளவு காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. யாரும் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லைப் பொதுவாக எல்லாப் பெட்டிக்கும் போட்டு விற்பதும் அங்கே தடை. மூவாயிரத்தைப் போடுவதற்கு அட்டையில் முழங்கையளவு இடம் ஒதுக்குகிறவர்கள், அந்த ஒரு தேதிக்கு ஓர் அங்குலம் ஒதுக்கினால் குறைந்துபோக மாட்டார்கள். இதைப் பற்றிப் பரீட்சகர் கம்பெனிகளுக்கெல்லாம் கடிதம் எழுதியிருக்கிறார். தங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியமானது என்ற பதில்களைக் கோப்பில் வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார்.

அவருக்கு நல்ல மனம் உண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கம்பெனி கைவிட்டதென்று நாங்கள் தூக்கி எறிந்த ஒரு பெட்டியை எடுத்துப் போய், ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றி, கட்டடத்துக் காவற்காரரின் அறையில் பொருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு வாசித்த அவர் மகளுக்கு வருஷம் முழுதும் தடையின்றிப் பாடம் ஓடும்படி செய்தார். அங்கே அவர் கழித்தல் கணக்கு எதையும் பிரஸ்தாபிக்கவில்லை. அந்தப் பெட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டுப் பெட்டிதான் ஓடவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை, புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை என்று வந்தார். என் மகள் உத்தியோகத்துக்கான நேர்முகத் தேர்வில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். இப்போது வேண்டாம் என்றேன். பாதுகாப்பில் நாளை என்பதே கிடையாது என்றார். பெட்டி நடுவழியில் செத்தது; நேர்முகமும் செத்தது. வேறு பெட்டி கொணர்ந்து மாட்டி, அதற்கு இருபத்து நாலு எழுத்தில் ஒரு நிர்வாகக் கடவுச்சொல்லை இட்டு, அதை யாருக்கும் சொல்வது பாதுகாப்புக்கு விரோதம் என்று கருதித் தம் டயரியிலேயே எழுதிக்கொண்டு, மறுநாள் மகன் வீட்டுக்குப் பெங்களூர் போய்விட்டார். பிறத்தியார் வீட்டுப் பொருளை அவர்கள் சம்மதமில்லாமல் திருத்துவதற்கு இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? எவ்வளவு மேதையாக இருந்தாலும் இது அக்கிரமம். இதில் நகைச்சுவை ஏதும் இல்லை.

கீழ் வீட்டு அம்மாளின் பேரன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அந்த அம்மாள் ரூட்டரை டி.வி. ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தட்டுகளுக்கும் வெண்கலப் பிள்ளையாருக்கும் நடுவில் வைத்திருந்தார். வீட்டு வேலை செய்யும் பெண் தூசி தட்டும்போது அதை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டாள். அன்று முதல் குழந்தை உறையவில்லை. முகம் பார்த்துப் பேச மூன்று நான்கு மெகாபிட் போதும். பரீட்சகரைக் கேட்டதற்கு, அது தமக்கு முதல் நாளே தெரியும் என்றும், அது ஹார்டுவேர் சம்பந்தப்பட்டதல்லவாதலால் சொல்லவில்லை என்றும் விளக்கினார்.

ஆகவே வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. ரூட்டர் வாங்கப் போகும்போது முகப்பில் உள்ள எண்ணைப் பாராதீர்கள். போர்ட் ஆயிரமா நூறா, வெர்ஷன் எது, அந்த வெர்ஷனுக்குக் கடைசி ஃபர்ம்வேர் வந்த தேதி எது என்ற மூன்றை மட்டும் விசாரியுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் பரீட்சகரைத் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாங்கிய பின்பு, கடவுச்சொல்லை நீங்களே இட்டு, நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.